பட்டம்மாள் நடந்த பீங்கான் லைன்

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள்தான் கடல் கொஞ்சம் அடங்கியது. அதுவரை எட்டு நாள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தது. எட்டு நாளும் எண்ணூர்க் குப்பத்தில் ஒரு படகும் தண்ணீரைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் இருட்டு விலகுவதற்குள் எழிலனின் படகு முதல் ஆளாக இறங்கிப் போய், ஏழு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டது. பெரிதாக ஒன்றும் மாட்டவில்லை. கொஞ்சம் சுதும்பு, கொஞ்சம் காரப்பொடி, அப்புறம் இரண்டு பால் சுறா. முழ நீளம்கூட இருக்காது.

கரையில் நின்றிருந்த அவன் அத்தை பட்டம்மாள், படகு மணலில் முட்டும் முன்பே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"சுறா கீதாடா?"

"யத்த, நான் உசுரோட வந்தேனான்னு மொதல்ல கேளு."

"நீதான் எதுர்ல நின்னுகினு கீறியே. அது கண்ணுக்குத் தெரியுது. சுறா கீதான்னு கேட்டேன்."

எழிலன் சிரித்துக்கொண்டே இரண்டு சுறாவையும் வால் பிடித்துத் தூக்கி, அவள் அன்னக்கூடையில் அள்ளிப் போட்ட சுதும்பின் மேல் வைத்தான். பட்டம்மாள் சுறாக்களின் வயிற்றைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள்.

வலை உதறிக்கொண்டிருந்த மங்கை, எழிலனின் அம்மா, நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒத்த வூட்டுக்குத்தான் அண்ணி இவ்ளோ பறக்கற? ரோட்டோரம் குந்து, நாலு பேரு வாங்கிப்பான். எல்லாம் போன காட்டுக்குள்ள போய் யாருக்கு விக்கப் போற?"

"வியாபாரம்னா வாடிக்க வூட்டுக்குப் போவணும். உனுக்கின்னா தெரியும்?"

"வியாபாரமாம் வியாபாரம். பேசறதுக்கு ஆளு வோணும்னு சொல்லேன்."

பட்டம்மாள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் கூடையை ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தேழு வருடமாக ஒரே வழிதான். குப்பத்துக்குப் பின்னால், மெயின் லைனிலிருந்து பிரிந்து மேற்கே போகும் ஒற்றைத் தண்டவாளம். உப்பளத்தைத் தாண்டி, முள்காட்டைத் தாண்டி, கால்வாய் மேல் ஒரு இரும்புப் பாலம் ஏறி, பீங்கான் கம்பெனி வாசலில் போய் முடியும். மூன்றரை கிலோமீட்டர். களிமண் ஏற்றிய கூட்ஸ் வண்டி வாரத்தில் இரண்டு நாள் வரும். அதனால் அதற்கு பீங்கான் லைன் என்றே பெயர். ரோடு வழியாகப் போனால் சுற்று, இரண்டு பஸ் மாறணும், மீன் கூடையைப் பார்த்ததுமே கண்டக்டர் மூஞ்சி கோணிப் போகும். தண்டவாளத்துக்கு மூஞ்சி கிடையாது.

அப்போது ஐந்து பெண்கள் சேர்ந்து போவார்கள். கம்பெனிக் குடியிருப்பில் நாற்பத்துநாலு வீடு. பத்தாவது வீட்டைத் தாண்டுவதற்குள் கூடை காலியாகிவிடும். திரும்பும்போது வெறுங்கூடையைக் கையில் ஆட்டிக்கொண்டு, மாமியாரைத் திட்டிக்கொண்டு, பாலத்தின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வருவார்கள். பதினொரு வருடம் முன்னால் கம்பெனியை மூடினார்கள். வண்டி நின்றது. வீடுகள் ஒன்று ஒன்றாகப் பூட்டின. கூட வந்தவர்களில் ஒருத்தி காசிமேட்டுக்குப் போனாள், ஒருத்திக்கு முட்டி போயிற்று, இரண்டு பேர் செத்துப் போனார்கள். பட்டம்மாளின் புருசன் வேலப்பனும் அந்த வருடத்துக்கு அடுத்த வருடம் இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை.

கடைசியாக மிஞ்சியது ஒரு வீடு. மூடிய கம்பெனியின் பம்பு ஹவுஸைப் பார்த்துக்கொள்ளச் செல்வத்தை மட்டும் வைத்திருந்தார்கள். செல்வத்தின் மனைவி குணசுந்தரி. கல்யாணமாகி வந்த மறுநாளே பட்டம்மாளிடம் நெத்திலி வாங்கியவள். அவள் மகள் கீர்த்தி பிறந்தபோது பால் சுரக்காமல் தவித்தாள். பட்டம்மாள்தான் தேடிப் பிடித்துப் பால் சுறா கொண்டு போய், அவிச்சு, தோல் சுரண்டி, பூண்டு போட்டுப் புட்டு கிண்டி, பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைத்தாள். "இவ குடிச்ச பாலு என் சுறா போட்ட பாலு" என்று கீர்த்தியின் கல்யாணத்தில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்போது கீர்த்தி பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் இருந்தாள். ஒன்பது நாள் முன்னால் பட்டம்மாள் போனபோது குழந்தை முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது.

"பாலு பத்தல மா. டப்பா பாலு குடுன்றாங்க" என்றாள் குணசுந்தரி. "அதுவுமில்லாம வூட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மாசக் கடைசி வரிக்கும் டைம் கீது."

"எங்கடி போவீங்க?"

"பாக்கணும்."

"மாசக் கடைசிதான? அதுக்குள்ள சுறா வந்துரும். வந்த அன்னிக்கே எட்த்தாரேன். டப்பாவ தொடாதே."

மறுநாள் கூண்டு ஏறிவிட்டது.

அந்த எட்டு நாளும் பட்டம்மாள் போகவில்லை. வெறுங்கூடையோடு வாடிக்கை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் அந்த வீட்டு அடுப்பும் காலியாகும். குப்பத்து மீன்காரிகள் யாரும் அதை மீறியதில்லை. ஆபத்துக்குக்கூடக் கூடையில் நாலு கருவாடாவது போட்டுக்கொண்டுதான் போவார்கள். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குச் சுறா என்று வாய் விட்டுச் சொல்லியாகிவிட்டது. கருவாட்டோடு எப்படிப் போய் நிற்பது? மழை விட்ட ஒரு மத்தியானம் லைன் பிரியும் இடம் வரைக்கும் போனாள். நின்று பார்த்தாள். திரும்பி வந்துவிட்டாள்.

எழிலன் கொடுத்த பழைய பட்டன் போனில் மூன்றே நம்பர்தான் இருந்தது. குணசுந்தரி நம்பர் இல்லை. என்னத்துக்கு நம்பர்? நான் போறேன், அவ அங்க கீறா. குணசுந்தரி கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்துநாலு வருசம் அப்படித்தான் ஓடியது. இன்றைக்குக் கீர்த்தியிடம் கொடுத்து நம்பரைப் போடச் சொல்லிவிட வேண்டும், எங்கே குடி போகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே லைனில் ஏறினாள்.

மழை லைனை ஒரு வழி பண்ணியிருந்தது. உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர்ப் பரப்பு. பாத்தியும் தெரியவில்லை, வரப்பும் தெரியவில்லை. நடுவில் இந்த மேடு மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நாலைந்து இடத்தில் மேட்டையே அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் கட்டைகளோடு ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி அந்தரத்தில் தொங்கியது. அங்கெல்லாம் கூடையை இடுப்புக்கு இறக்கி, சரிவில் இறங்கி, சேற்றில் முழங்கால் வரை போய், மறுபக்கம் வேரைப் பிடித்து ஏறினாள். சேறு சாம்பல் நிறத்தில் வழவழவென்று காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. வடக்கே அத்திப்பட்டுப் புகைக்கூண்டுகளின் தலை மேகத்துக்குள் இருந்தது. அடி மட்டும்தான் தெரிந்தது.

முள்காட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் குறைந்தது. வேலிகாத்தான் இரண்டு பக்கமும் வளர்ந்து மேலே கைகோத்துக்கொண்டிருந்தது. எட்டு நாள் ஆள் நடக்காததில் கிளைகள் வழியை மூடிவிட்டன. குனிந்தால் கூடை இடிக்கும், நிமிர்ந்தால் முள் கண்ணைக் குத்தும். பாம்புக்காகக் கையிலிருந்த கழியால் தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டே போனாள். டங்... டங்... அந்தச் சத்தம் முன்னால் கொஞ்ச தூரம் போய்ச் செத்துப் போனது. ஐந்து பேர் பேசிக்கொண்டு போகும்போது இந்தக் காடு கால்மணி நேரம்தான். இப்போது எவ்வளவு நேரம் என்று அவள் பார்த்ததில்லை. நடந்துகொண்டே இருப்பாள், காடும் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு வசதி, கால் தானாகப் போகும். கட்டைக்குக் கட்டை வைத்து வைத்து அவள் நடையே அந்த அளவுக்கு வந்துவிட்டது. குப்பத்துத் தெருவில் நடந்தால் "இன்னா அண்ணி, கோழி மாரி எட்டு வைக்கற" என்று மங்கை கேலி பண்ணுவாள்.

காடு முடிந்து பாலம் தெரிந்தபோது, வேறு சத்தம் கேட்டது. இரும்பு மேல் இரும்பு விழும் சத்தம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஏழெட்டு ஆட்கள், இரண்டு காஸ் சிலிண்டர், ஒரு தார்ப்பாய்க் கூடாரம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன் தண்டவாளத்தை வெட்டிக்கொண்டிருந்தான். தீப்பொறி ஈர ஜல்லியில் சீறியது.

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "ஆயா, எங்க வர்ற? வழி கெடையாது."

"ஆயா கீயான்னா கழி பறக்கும். உங்கம்மா வயசுதான் எனுக்கு."

"சரி மா. அமீருதீன் எம் பேரு, வியாசர்பாடி. கோச்சுக்காத. லைன எடுத்துகினு கீறோம். பாலத்து மேல முந்தாநேத்தே எடுத்தாச்சு. கூடையில இன்னா?"

"மீனு."

"அடி சக்க! ஒரு வாரமா பருப்புத் தண்ணி மா. எல்லாத்தையும் இங்கியே எறக்கு."

"சுதும்ப வேணா எடுத்துக்கோ. சுறாவத் தொடக் கூடாது. புள்ள பெத்தவளுக்கு."

"எந்தப் புள்ள பெத்தவ?"

"அந்தாண்ட குவாட்ரஸ்ல."

அமீருதீன் கையிலிருந்த குழாயை அணைத்தான். "நீதானா அது? ஒரு ஆளு வந்தான் மா, வெடவெடன்னு ஒசரமா. பாலத்தாண்ட நின்னுகினு, மீன்காரம்மா யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டான். ரெண்டு நாளு வந்தான். யாரும் வரலன்னு சொன்னோம்."

கீர்த்தியின் புருசன் பிரகாஷாகத்தான் இருக்கும். பட்டம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "எப்ப?"

"மூணு நாளு, நாலு நாளு இருக்கும்."

அவள் பாலத்தைப் பார்த்தாள். தண்டவாளமும் இல்லை, கட்டையும் இல்லை. இரண்டு இரும்பு உத்தரம் மட்டும் அக்கரைக்குப் போயிற்று. கீழே கால்வாய் தளும்பத் தளும்ப, ஆகாயத்தாமரையை இழுத்துக்கொண்டு ஓடியது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு உத்தரத்தில் கால் வைத்தாள்.

"யம்மா! பைத்தியமா நீ? ரோடால போ மா!"

"ரோடால போனா மத்தியானம் ஆவும். சுறா தாங்காது."

அமீருதீன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அவள் தலையிலிருந்து கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். "நான் முன்னால போறேன். நீ உத்தரத்து மேல குந்தி, நவுந்து நவுந்து வா. கீழ பாக்காத. வுழுந்தேன்னா நான் குதிக்க மாட்டேன், எனுக்கு நீச்சல் தெரியாது."

"எனுக்குத் தெரியும். நீ வுழுந்தா நான் குதிக்கறேன், போ."

இக்கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் குதிரை ஏறியவள் மாதிரி உத்தரத்தில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். துரு உள்ளங்கையை அறுத்தது. ஒருகாலத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்த பாலம். அக்கரையில் அமீருதீன் கூடையைத் திரும்ப அவள் தலையில் ஏற்றிவிட்டு, சுதும்பை மட்டும் ஒரு கவரில் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனான்.

அதற்கப்பால் லைன் என்று ஒன்று இல்லை. ஜல்லி மட்டும். கட்டைகள் கிடந்த இடத்தில் வரிசையாகப் பள்ளம், பள்ளத்தில் மழைத்தண்ணீர். கழியால் தட்ட இரும்பு இல்லை. ஜல்லி காலடியில் நழுவிக்கொண்டே இருந்தது. அவளுக்கு எட்டு வைக்கத் தெரியாமல் போய்விட்டது. இரண்டு தரம் கால் பிசகி, கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தேழு வருட வழியில் புது ஆள் மாதிரி தடுமாறிக்கொண்டு போவது அவளுக்கே கூச்சமாக இருந்தது. பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லை.

குடியிருப்புக்குள் நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. குழந்தைத் துணி காயும் கொடி வெறுமையாக ஆடியது. கதவில் புதுப் பூட்டு.

பம்பு ஹவுஸ் பக்கத்திலிருந்து கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமாலை, நெற்றி நிறையச் சந்தனத்தோடு ஒருவர் வந்தார். ஏஜென்சி அனுப்பிய புதுக் காவல்காரர். பெயர் ராமசுப்பு, ஊர் சங்கரன்கோவில் பக்கம்.

"யாரும்மா? ஓ, மீன்காரம்மாவா! ஒங்களத்தான் அந்த அக்கா பாத்துக்கிட்டே இருந்தாவ."

"எங்க போனாங்க?"

"போயி மூணு நாளாச்சும்மா. கூரை ஒழுகி, பிள்ளைக்குச் சளி பிடிச்சிட்டு. ஒரு வேனு கெடச்சதும் ஏத்திட்டுப் போயிட்டாவ. மருமவன் தம்பி ரெண்டு நாளு பாலம் வரைக்கும் வந்து பாத்தாரு. வேனு வந்து நின்ன பொறவும் அந்த அக்கா ஏறல, வருவாவ வருவாவன்னு அரைமணி நேரம் நின்னாவ. நாந்தான் சொன்னேன், புயலு, மீனு கெடைக்காதுல்லா, எப்படி வருவாவன்னு."

"அதுக்கு இன்னா சொன்னா?"

ராமசுப்பு கழுத்து மாலையை விரலால் உருட்டினார். "மீனுக்காகவா வரணும், ஆளு சும்மா வந்தா ஆவாதான்னு கேட்டாவ."

பட்டம்மாள் கூடையைக் கீழே இறக்கினாள். வழக்கம்போல வாசல் திண்டில் வைக்காமல் தரையில் வைத்தாள். ரொம்ப நேரம் சாக்கின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"கதவுல போன் நம்பர் எழுதி வச்சிட்டுத்தான் போனாவம்மா" என்றார் ராமசுப்பு. "சாக்பீசுல. ராத்திரி அடிச்ச மழையில..."

கதவு வடகிழக்கைப் பார்த்தது, சாரல் நேராக அடிக்கும். முதல் ஏழு எண் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. அதற்கப்புறம் வழிந்த கோடு.

"போட்டுப் பாரேன் சாமி."

"மூணு நம்பர் இல்லையேம்மா. ஆயிரம் பேருக்குப் போடணும்." சொல்லிவிட்டு அவரே வருத்தப்பட்டார். "எழுதி வச்சிருக்கணும் நானு. தோணாமப் போச்சு. புளியந்தோப்புல போர்டு வீடு, அஞ்சாவது மாடின்னாவ. அம்புட்டுதான் தெரியும்."

"இந்தச் சுறாவ..." என்று ஆரம்பித்தாள் பட்டம்மாள்.

"ஐயோ, மாலை போட்டிருக்கேம்மா. கிட்ட கொண்டாராதிய."

அவர் இரண்டடி பின்னால் போனார். பட்டம்மாளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. நாற்பத்துநாலு வீட்டில் ஒரு அடுப்புகூட இல்லை. இருக்கிற ஒரே மனுசனுக்கும் மீன் ஆகாது. கதவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். உள்ளே பூண்டு வாசமோ பிள்ளை வாசமோ வருகிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசம்தான் வந்தது. அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு, லைன் பக்கம் திரும்பாமல், கம்பெனியின் மெயின் கேட் பக்கம் நடந்தாள்.

"அந்தப் பக்கம் ரோடும்மா. எங்க போறிய?"

"புளியந்தோப்புக்கு."

"எந்த வீடுன்னு தெரியாமயா?"

அவள் கேட்டைத் தாண்டியிருந்தாள்.

ஷேர் ஆட்டோக்காரர்கள் மூன்று பேர் ஏற்றவில்லை. நாலாவது ஆள், கூடையைக் காலுக்கடியில் வைத்தால் ஏறு என்றான். இரண்டு ஆட்டோ மாறி, புளியந்தோப்பில் இறங்கும்போது பதினொன்றரை. சாக்கைத் தூக்கிச் சுறாவை அழுத்திப் பார்த்தாள். லேசாக மெதுத்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்.

போர்டு வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. பன்னிரண்டு பிளாக் என்றார்கள். முதல் பிளாக்கில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள். "புதுசா குடி வந்தாங்களா, குணசுந்தரின்னு? பொண்ணு பேரு கீர்த்தி, கைப்புள்ளக்காரி."

"தெனம் பத்து பேரு வர்றான் போறான். கீர்த்தியா? இந்த பிளாக்லயே ரெண்டு கீர்த்தி கீது மா. ரெண்டும் ஸ்கூலுக்குப் போயிருக்கு."

லிப்ட் ஓடவில்லை. பன்னிரண்டு பிளாக், ஒவ்வொன்றிலும் ஐந்து மாடி ஏறி இறங்கினால் பொழுது போய்விடும், சுறாவும் போய்விடும். பட்டம்மாள் இரண்டு பிளாக்குக்கு நடுவில் இருந்த சிமெண்டுத் தரையில் நின்றாள். குடியிருப்பில் அவள் கூவி விற்றதே இல்லை. கூடை தெரிந்தாலே கதவு திறக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மீனேய்... எண்ணூரு மீனேய்..."

குரல் பாதியில் உடைந்தது. மறுபடி கூவினாள். அது பிளாக்குகளுக்கு நடுவில் மோதி மேலே போனது. கீழ்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது, இரண்டாவது மாடியில் இரண்டு. பாத்திரத்தோடு ஒருத்தி இறங்கியே வந்துவிட்டாள்.

"இன்னா மீனு மா? சுறாவா? அட, பால் சுறா! எவ்ளோ?"

"விக்கறதுக்கு இல்ல தாயி."

"விக்கறதுக்கு இல்லன்னா இன்னாத்துக்குக் கூவற? வேலய வுட்டுட்டு ஓடியாறேன். பேஜாரு புட்ச்ச கேஸு."

"ஒரு வூட்டத் தேடறேன்."

"தேடறவ பேரச் சொல்லிக் கூவுவியா, மீனுன்னு கூவுவியா?"

பட்டம்மாள் அண்ணாந்து ஐந்தாவது மாடியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தாள். ஒரு ஜன்னலில் கை ஒன்று தெரிந்தது. அவள் சட்டென்று கையை நெற்றியில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். யாரோ ஈரத் துணியை உதறிவிட்டு உள்ளே போனார்கள்.

கூடையைச் சரியாக வைத்துக்கொண்டு அடுத்த பிளாக்குக்கு நடந்தாள். இந்தத் தடவை, "குணா... அடியே குணா... நான்தான்டி வந்துகீறேன்" என்று கூவினாள்.